தலைப்பாகை, கண்ணாடி, ஒரு யூடியூப் பாட்டு

1

2021 மார்ச் மாதம். மயிலாடியில் எங்கள் தெருமுனைச் சிற்பப் பட்டறையில் உட்கார்ந்து ஃபோனில் ஒரு பாட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பட்டறைக்காரர் எனக்கு மாமா முறை. கட்டரை நிறுத்திவிட்டு, கல்தூசி படிந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“இந்தப் பிள்ளை போட்டிருக்கது எந்த ராணிக்க நகை மக்கா?”

“ராணியொண்ணும் இல்ல மாமா. தோட்டத்துலயும் வயல்லயும் வேலை செஞ்ச சனங்களைப் பத்தின பாட்டாக்கும்.”

“அப்பிடியா? அப்போ லட்சணத்தை மாத்திக் கொத்தியிருக்கான்.”

அவ்வளவுதான். மறுபடி கட்டரைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. படம் மட்டும் ஓடியது. காடு, வயல், வயசான முகங்கள், கனமான நகைகள். சத்தமில்லாமல் பார்த்தபோதுதான், இந்த வீடியோ முழுக்கக் குறியீடுகளால் கட்டப்பட்டது என்பது உறைத்தது. ‘லட்சணத்தை மாத்திக் கொத்தியிருக்கான்’ என்பதைவிடச் சுருக்கமாக அதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள நான் செய்த முயற்சி. அதற்கு யூடியூபிலிருந்து இருநூறு வருஷம் பின்னால் போகவேண்டியிருந்தது. தூரமாகப் போகவேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரும் பக்கத்து ஊர்களுமே போதுமானதாக இருந்தன.

2

மயிலாடியைத் தெரியாதவர்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டம், அகஸ்தீஸ்வரம் தாலுகா. ஊருக்குள் நுழையும்போதே கல்லில் உளி விழும் சத்தம் கேட்கும். இப்போது அதோடு கட்டர் சத்தமும் சேர்ந்திருக்கிறது. ரோட்டோரத்தில் பாதி கொத்திய பிள்ளையார், தலையில்லாத நந்தி, முகம் வராத அம்மன் எல்லாம் வெயிலில் கிடக்கும். சின்ன வயதில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். பாதி கொத்திய சிலையைக் காட்டி ‘இது யாரு?’ என்று கேட்கவேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. கையைப் பார்க்கணும். பின்கைகளில் சங்கும் சக்கரமும் என்றால் பெருமாள். மானும் மழுவும் என்றால் சிவன். உள்ளங்கை நம்மைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் அபயம், ‘பயப்படாதே’ என்று பொருள். கீழே தாழ்ந்து விரிந்திருந்தால் வரதம், ‘கேள், தருகிறேன்’.

இதைத்தான் சிற்பிகள் லட்சணம் என்கிறார்கள். முகம் எவ்வளவு அழகாக அமைந்தாலும் கையில் உள்ளது மாறினால் சாமியே மாறிவிடும். எண்கூட இங்கே குறியீடுதான். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணபதி ஸ்தபதி வடிவமைத்து 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன் மேல் சிலை 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்தால் 95. மொத்தம் 133. படகில் போய் செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. தெரியாவிட்டாலும் கல்லில் அது இருக்கிறது.

மியூசிக் வீடியோவும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. இயக்குநருக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். கதை சொல்ல நேரமில்லை, வசனம் கிடையாது. ஆகவே பார்த்தவுடன் பிடிபடுகிற பொருட்களை அடுக்கவேண்டும். உடை, நகை, நாற்காலி, நிற்கும் இடம் எல்லாம் சங்கு சக்கரம் போல வேலை செய்யும்.

ஆனால் ஒரு பொருள் என்ன என்று அடையாளம் கண்டதோடு வேலை முடிவதில்லை. அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதும் குறியீட்டின் பகுதி. 2018இல் வந்த சைல்டிஷ் காம்பினோவின் ‘திஸ் இஸ் அமெரிக்கா’ வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். சுட்டு முடித்ததும் துப்பாக்கியை ஒருவர் சிவப்புத் துணியில் பத்திரமாக வாங்கிப்போகிறார். சுடப்பட்டவரின் உடலோ தரையில் இழுத்துப் போகப்படுகிறது. துப்பாக்கி எல்லாப் படத்திலும் வரும். அது எதன் குறியீடாக மாறுகிறது என்பதை முடிவு செய்வது அந்தத் துணியும் அந்த மரியாதையும்தான்.

இதற்கு அடுத்து மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இந்தப் பொருளை ஏந்த இவருக்கு உரிமை இருந்ததா? இதைச் சிற்ப சாஸ்திரம் கேட்பதில்லை. சங்கைப் பெருமாள் ஏந்தலாமா என்று யார் கேட்கப்போகிறார்கள்? மனிதர்கள் விஷயத்தில் அதைக் கேட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அதற்குச் சட்டமே இருந்தது.

3

1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள், கடைசி சில வருஷங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தென் திருவிதாங்கூரில் ஒருவர் எதிரே வந்தால் பெயர் கேட்காமலே சாதி தெரிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒடுக்கப்பட்ட சாதியினர் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை கூடாது. தண்ணீர்க் குடத்தைப் பெண்கள் இடுப்பில் வைக்கக் கூடாது. குடத்தை எங்கே வைக்கிறாள் என்பதுகூடப் படிக்கப்படவேண்டிய குறி! பெண்களின் மார்பும் அப்படித்தான். மூடாமல் இருப்பது மேலே உள்ளவருக்குக் காட்டும் மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

மயிலாடி இந்தக் கதைக்குள் வருவது 1806இல். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த எங்கள் ஊர் மகாராசன், சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் சீர்திருத்தச் சபை மிஷனரிகளைச் சந்தித்து வேதமாணிக்கம் ஆகித் திரும்பினார். அவர் அழைக்க, லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் வந்தார். 1809இல் மயிலாடியில் தேவாலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தக் கிறிஸ்தவம் எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்கியது.

அதன் பின் குப்பாயம் வந்தது. மதம் மாறிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவர், மாப்பிள்ளைப் பெண்கள் அணிவது போன்ற குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்று கர்னல் மன்றோவின் காலத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் நாடார் பெண்கள் சட்டையோடு நிற்கவில்லை. நாயர் பெண்கள் போடுவது போலத் தோள் மேல் சீலையும் போட்டார்கள். கலகம் அங்கே வெடித்தது. 1822 தொடங்கி 1859 வரை சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது, வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. 1829இல் அரசாணை வந்தது: குப்பாயம் போடலாம், தோள்சீலை கூடாது.

இந்த ஆணையைக் குறியீட்டுப் பாடமாகப் படித்துப் பாருங்கள். பிரச்சினை உடம்பை மூடுவதா, மூடாமல் இருப்பதா என்றால், குப்பாயத்தோடு அது முடிந்திருக்க வேண்டும். உடம்பை அது நன்றாகவே மூடும். ஆனால் அரசு பயந்தது துணிக்கு அல்ல, துணி போடும் பாணிக்கு. 1859 ஜூலை 26 அன்று வந்த பிரகடனத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நாடார் பெண்கள் எந்த விதத்திலும் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது அது. அதாவது, பொருள் உனக்கு, குறியீடு எங்களுக்கு.

முப்பத்தேழு வருஷக் கலகம் முடிந்தும் அரசு கடைசிவரை பிடித்துவைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். மியூசிக் வீடியோவில் யாராவது நகையோடும் மகுடத்தோடும் வரும்போது ‘காஸ்ட்யூம் செம்மையா இருக்கு’ என்று கமெண்ட் போட்டுக் கடந்துவிட என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

4

மயிலாடியிலிருந்து பைக்கில் கொஞ்ச நேரத்தில் சாமித்தோப்பு. அய்யா வைகுண்டரின் பதி இருக்கும் ஊர். அவர் 1809இல் பிறந்தார், எங்கள் ஊர் தேவாலயம் எழுந்த அதே வருஷம். பெற்றோர் முதலில் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். கீழே வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்குப் பெயரில் முடியா என்று மேலே உள்ளவர்கள் கொதித்து, முத்துக்குட்டி என்று மாற்ற வைத்தார்கள் என்பது அய்யாவழி மரபு சொல்லும் கதை. தலையில் அல்ல, பெயரில்கூட மகுடம் இருக்கக் கூடாதாம்.

அந்த மனிதர் பிற்காலத்தில் என்ன செய்தார்? பதிக்குள் வரும் ஆண்கள் தலைப்பாகை கட்டி வரவேண்டும் என்றார். இன்றைக்கும் சாமித்தோப்புக்குப் போனால் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் போகவேண்டும். முதல் தடவை போனபோது எனக்குத் துண்டு நிற்கவேயில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டா, “எடே, தலைய நிமித்தி வைடே, அப்பதான் கெட்டு நிக்கும்” என்றார். தலைப்பாகை கட்டும் முறையைத்தான் சொன்னார். எனக்கு அது வேறாகவும் கேட்டது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தலைப்பாகை கட்டுவதை மறுத்த சமூகத்திடம் போய் ‘எங்களுக்கும் அனுமதி கொடுங்கள்’ என்று அவர் கேட்கவில்லை. அனுமதி கேட்டால் 1859 பிரகடனம் போல ஒரு ‘ஆனால்’ சேர்ந்தே வரும். தன் இடத்தில் அதைக் கட்டாயமாக்கினார். வெளியே குற்றம், உள்ளே கடமை. தலைப்பாகை இல்லாமல் சாமி கும்பிட முடியாது என்றால், அதைக் கட்டுவது யாரையும் பார்த்துச் செய்வதாக இருக்காது. ‘அவர்களைப் போல’ என்ற பேச்சே அங்கே எழாது.

கருவறையில் இன்னும் ஒன்று செய்தார். சிலை வைக்கவில்லை, நிலைக்கண்ணாடி வைத்தார். முன்னால் விளக்கு. கும்பிடப் போகிறவன் பார்ப்பது தலைப்பாகை கட்டிய தன்னையே. சிலை செய்கிற ஊரிலிருந்து போகிற எனக்கு இது சின்ன அதிர்ச்சி. லட்சணம் இல்லை, முத்திரை இல்லை, ஆயுதம் இல்லை. யார் முன்னால் நிற்கிறாரோ அவரே உள்ளே.

கண்ணாடியின் பொருளை அத்வைதமாக விளக்குகிறவர்கள் உண்டு. அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் கோவிலுக்குள்ளேயே அனுமதிக்கப்படாத சனங்களுக்கு, கருவறைக்குள் தன் முகத்தைப் பார்ப்பது முதலில் தத்துவமாகவா இருந்திருக்கும்?

5

இப்போது திரைக்கு வரலாம். மூன்று வீடியோக்களை இந்தக் கண்ணோடு பார்க்கிறேன்.

2017 பொங்கல் சமயத்தில் வந்தது ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடியது. கர்னாடக ராகங்களின் மாலை, பக்கவாத்தியம் என்று கச்சேரி கச்சேரியாகவே நடக்கிறது. ஆனால் சபா இல்லை. எண்ணூர், பின்னால் அனல்மின் நிலையம். குறியீட்டு வேலை முழுக்க இடத்தில் நடக்கிறது. புறம்போக்கு என்பது ஒருகாலத்தில் எல்லாருக்கும் பொதுவான, வரிக்கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலம். பிறகு அது வசைச்சொல் ஆனது. மதிப்புள்ள ஒரு கலையை மதிப்பிழந்த ஒரு நிலத்தில் உட்காரவைத்ததும் இரண்டும் ஒன்றையொன்று விசாரிக்க ஆரம்பிக்கின்றன.

2018 ஜனவரி 6. சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் மேடை. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, பெயர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து. கானா பாடுகிறவர்கள் சாம்பல் நிற கோட் சூட்டில் வந்து நின்றார்கள். லுங்கியும் கலர் சட்டையும்தான் கானாவின் லட்சணம் என்று சினிமா நமக்குப் பழக்கியிருந்தது. இங்கே அம்பேத்கரின் கோட். சுசீந்திரம் தேரோட்டத்துக்குக் கோட் சூட் போட்டு வந்தால் சிரிப்பார்கள். இந்த மேடையில் யாரும் சிரிக்கவில்லை. தலைப்பாகை போலத்தான். மறுக்கப்பட்டதைச் சீருடை ஆக்கிவிட்டால் அது வேஷமாகத் தெரியாது.

அதே 2018இல் பியோன்சேயும் ஜே-இசட்டும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குள் ‘ஏப்ஷிட்’ வீடியோவை எடுத்தார்கள். மோனா லிசாவுக்கு முன்னால் இரண்டு கறுப்பு உடல்கள், திரும்பி நம்மைப் பார்த்தபடி. ஐரோப்பிய ஓவியத்தில் பெரும்பாலும் பணிவிடை செய்யும் ஓரத்து உருவமாகவே வந்தவர்கள் சட்டகத்தின் நடுவுக்கு வருகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் எங்கள் சந்தையில் தோள்சீலையோடு நடந்த பெண்கள் செய்ததும் இதையேதான், கேமரா இல்லாமல்.

இந்த வரிசையில்தான் ‘என்ஜாய் எஞ்சாமி’ வருகிறது. 2021 மார்ச் 7. அமித் கிருஷ்ணன் இயக்கம், தீயும் அறிவும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை. காடு வெட்டித் தோட்டம் ஆக்கியவர்களுக்குக் கையில் ஒரு துண்டு நிலம் இல்லை.

பாட்டின் பெயரே ஒரு குறியீடு. ‘என் சாமி’ என்பது எஞ்சாமி ஆகியிருக்கிறது. வரப்பில் நின்று கூலிக்காரர் பண்ணையாரைக் கூப்பிட்ட சொல்லும் ‘சாமி’தான், பாட்டி பேரனைக் கன்னம் வழித்துக் கூப்பிடும் சொல்லும் அதேதான். பாட்டு முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது. வீடியோவும் இதையே செய்கிறது. உழைத்த சனங்களின் கதைக்கு அரச நகைகள். என் மாமா ஒரு பார்வையில் கண்டுபிடித்தது இதைத்தான்: லட்சணத்தை மாற்றிக் கொத்தியிருக்கிறார்கள்.

6

இதோடு நின்றிருந்தால் நல்ல கதை. நிற்கவில்லை.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அட்டையில் இந்தப் பாட்டைக் கொண்டாடும்போது தீயின் முகமும் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலின் முகமும் இருந்தன. பாட்டை எழுதிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டபின் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. மேடையில் ‘என்ஜாய் எஞ்சாமி’ நடந்தது. தீயும் கிடக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்ததால்தான் என்றது ஒரு தரப்பு. இந்தப் பாட்டுக்காகத் தூங்காமல் உழைத்தவன் நான் என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொல்லி அறிக்கை விட்டார்கள். மெட்டு யாருடையது, எவ்வளவு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தீயை வில்லியாக்கிப் பேசுவதிலும் விருப்பமில்லை. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை.

என் கேள்வி குறியீடு பற்றியது. அட்டையிலும் மேடையிலும் பாட்டின் குறியீடுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. மண் இருந்தது, மூதாதை இருந்தார், எஞ்சாமி இருந்தது. யாருடைய பாட்டியின் கதையோ, அந்தப் பேரன் மட்டும் சட்டகத்தில் இல்லை. 1859 பிரகடனம் துணியைக் கொடுத்து பாணியைப் பிடித்துவைத்துக்கொண்டது. இங்கே நடந்தது அதன் தலைகீழ். பாணியைக் கொண்டாடி, ஆளை விட்டுவிட்டோம். யாரும் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. குறியீடு வலுவாக இருந்தால் ஆள் இல்லாதது யாருக்கும் உறைப்பதில்லை என்பதே போதுமானதாக இருந்தது.

யூடியூபில் அந்த வீடியோவின் தலைப்பைப் போய்ப் பாருங்கள். தீ, பிறகு ‘ஃபீட்’, பிறகு அறிவு. உலகம் முழுக்க இசைத்துறையில் புழங்கும் சாதாரணச் சுருக்கம், இவரும் இதில் பங்கேற்கிறார் என்று அர்த்தம். காட்சிகளில் எத்தனையோ குறியீடுகளைத் தேடித்தேடிப் படித்த நான், இந்த ஒரு குறியை மட்டும் முதல் ஐம்பது தடவை படிக்கவேயில்லை.

7

மியூசிக் வீடியோவில் ஒரு குறியீட்டைப் பார்த்தால் இப்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பொருள் யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது? இப்போது இதை ஏந்துகிறவர் அனுமதி வாங்கி ஏந்துகிறாரா, தன் இடத்தில் நின்று ஏந்துகிறாரா? வீடியோ முடிந்து கைதட்டல் வரும்போது, அந்த ஆள் சட்டகத்துக்குள் இருக்கிறாரா? முதல் இரண்டுக்கும் விடை வீடியோவுக்குள்ளேயே இருக்கும். மூன்றாவதற்கு வெளியே வந்து பார்க்கவேண்டும்.

அறிவு 2024இல் தன் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயர் வைத்தார். பாட்டியின் பெயரையும் தன் உறவையும் தலைப்பிலேயே எழுதிவிட்டார். இனி எந்த அட்டையும் இதைச் சொல்லாமல் அந்தத் தொகுப்பைச் சொல்ல முடியாது. பெயரிலிருந்து மகுடத்தை உருவிய ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்கு, அது சாதாரணத் தலைப்பாகத் தெரியவில்லை.

போன மாதம் மாமாவின் பட்டறையில் ஒரு அம்மன் சிலை முடிந்து வெளியூருக்குப் புறப்படத் தயாராக இருந்தது. ஆறு மாத வேலை. தார்ப்பாய் சுற்றி வண்டியில் ஏற்றும்போது கேட்டேன்.

“மாமா, இதுல உங்க பேரு எங்க இருக்கு?”

“சிலையில பேரு வெட்டப்பிடாது மக்கா.”

“பொறவு ஆரு செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?”

அவர் வண்டிக்காரரிடம் கயிறை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அன்னைக்கு நீ காட்டின பாட்டு இருக்குல்லா. அதை எழுதின பயலுக்க பேரு என்ன?”

“அறிவு.”

“கேட்டியா, பேரு தெரிஞ்சிருக்கு. கொள்ளாம்” என்றார். வண்டி கிளம்பியது.